பகலில் வேலை, இரவில் ஆட்டம்

எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் தொடங்கும் முன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அப்பா என்னிடம் வந்தார். மகள் பத்தாவது படிக்கிறாளாம். ஆட்டம் என்றால் அவளுக்கு உயிராம். "நீங்க ஆப்பிரிக்க நடனம், கரீபிய நடனம்னு பேசப்போறீங்க. சரி சார், அந்த ஊர்லயாவது இதை வச்சு ஒருத்தர் குடும்பம் நடத்த முடியுதா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். இன்றைக்கு அவருக்குப் பதில் சொன்னால் போதும். அந்த நடனங்களை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நின்றது. அவர்கள் வாடகைப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே அவர்களுடைய கலையில் பாதி விளங்கிவிடும் என்பது என் கட்சி.

பேர்ல் பிரைமஸிலிருந்து தொடங்குகிறேன். 1919இல் கரீபியத் தீவான டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் குடும்பம் நியூயார்க்குக்குப் போய்விட்டது. அவருடைய கனவு டாக்டர் ஆவது. நடனம் நினைப்பிலேயே இல்லை. 1940இல் ஹண்டர் கல்லூரியில் உயிரியல் பட்டம் வாங்கினார். வாங்கி என்ன? கறுப்பினப் பெண்ணுக்கு ஆய்வுக்கூட வேலை கொடுக்க ஆளில்லை. கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர், நியூ டான்ஸ் குரூப் என்ற இடத்தில் உதவித்தொகையோடு ஆட்டம் படிக்கச் சேர்ந்தார். ஐந்தடி உயரத்துக்குத் தாவுவார் என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் வியந்து எழுதினார்கள். 1943இல் முதல் மேடை. கும்பல் ஒன்று ஒரு மனிதனை அடித்து மரத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கலைந்துபோன பிறகு, அங்கேயே நிற்கும் ஒரு பெண்ணின் உடம்பில் என்ன நடக்கும்? அதை ஆடினார். பின்னணி இசையே கிடையாது, ஒரு கவிதையின் சொற்கள் மட்டும்தான்.

அடுத்த வருஷம் அவர் செய்த காரியத்தை இங்கே இருக்கும் நடன மாணவர்கள் கவனிக்க வேண்டும். கறுப்பின விவசாயக் கூலிகளைப் பற்றி ஆடுகிறோமே, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா என்ற உறுத்தல் அவருக்கு. தெற்கு மாநிலங்களுக்குப் போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல், அவர்களோடு சேர்ந்து பருத்தி எடுத்தார். குனிந்து குனிந்து பறித்த அந்த முதுகோடுதான் திரும்பி மேடைக்கு வந்தார்.

1948இல் ரோசன்வால்ட் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஆப்பிரிக்காவுக்குப் போனார். நைஜீரியாவில் இஃபே நகரத்து அரசர் அவருக்கு ஓமோவாலே என்று பெயர் வைத்தார். வீடு திரும்பிய பிள்ளை என்று அர்த்தம். லைபீரியாவின் வரவேற்பு நடனமான ஃபங்காவை அவர் கொண்டுவந்து அமெரிக்க மேடையில் ஆடினார். இன்றைக்கு அமெரிக்காவில் ஆப்பிரிக்க நடன வகுப்பு என்று எங்கே போய்ச் சேர்ந்தாலும் அநேகமாக அதில்தான் தொடங்குவார்கள். அப்புறம் லைபீரியாவில் ஒரு கலை மையத்தை நடத்தினார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், 1978இல், ஐம்பத்தெட்டு வயதில், முனைவர் பட்டமும் வாங்கினார். டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை வேறு வழியாக நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் கேத்தரின் டன்ஹாம். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1909இல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். அதே ரோசன்வால்ட் அறக்கட்டளை இவரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டார்கள். சொன்னால் புரியாது, காட்டட்டுமா என்றாராம். மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெரியவர்கள் முன்னால், அந்த அறையிலேயே ஆடிக் காட்டினார். பணம் கிடைத்தது.

1935இல் கிளம்பி ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹைத்தி என்று சுற்றினார். ஜமைக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைக்குள் ஒளிந்தவர்களின் வம்சம் வாழும் அக்கம்பாங் ஊரில் தங்கினார். மார்ட்டினிக்கில் லாக்யா என்ற சண்டை ஆட்டத்தைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அவர் போன அந்த மார்ட்டினிக்கில் 1853இலிருந்தே நம் ஆட்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிப் போன கரும்புத் தோட்டக் கூலிகள் இருந்தார்கள். அவர்கள் கோயில் சடங்கில் அடிக்கும் மேளத்துக்கு அங்கே இன்னமும் தப்பு என்றுதான் பெயர், வாய் கொஞ்சம் மாறித் தப்பூ என்பார்கள். சரி, அது தனிக் கதை.

ஹைத்தியில்தான் டன்ஹாமுக்குப் புதையல் கிடைத்தது. அங்கே வோடூ வழிபாட்டில் தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்துக்கு யான்வலூ என்று ஓர் ஆட்டம் உண்டு. முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, முதுகெலும்பு முழுக்க அலை ஓடவிட்டு ஆடுவார்கள். பாலே முதுகை நிமிர்த்தி வைக்கும், இது முதுகை அவிழ்த்து விடும். இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றினால் என்ன என்று யோசித்தார் டன்ஹாம். தோள் தனி, இடுப்பு தனி, விலா தனி என்று ஒவ்வொன்றையும் பிரித்து அசைக்கப் பழக்கும் ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார். அவர் பேரிலேயே அது இன்றும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. வேடிக்கை பார்த்துவிட்டு வந்து எழுதுகிற ஆராய்ச்சி அல்ல அது. ஹைத்தியில் அவரே சடங்கில் உட்கார்ந்து தீட்சை வாங்கியவர்.

பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத்திடமிருந்து வரவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், சொந்தக் காலில் நின்ற நடனக் குழு அவருடையது. பிராட்வேயில் ஆடினார்கள், ஹாலிவுட் படங்களில் ஆடினார்கள், இரவு விடுதிகளில் ஆடினார்கள். விடுதியில் வந்த காசு அவர் நடத்திய நடனப் பள்ளிக்குப் போனது. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், நாடக அரங்குகளின் முதலாளி லீ ஷூபர்ட் மூன்று வருஷம் வாடகை வாங்காமல் கொடுத்த இடத்தில் அந்தப் பள்ளி நடந்தது. நடனத்தோடு மானிடவியலும் மொழிகளும் பாடம். பாடகி எர்த்தா கிட் அங்கே படித்தவர், நடிகர் மார்லன் பிராண்டோவும் போய் வந்தவர். அவ்வளவு பேர் வந்தும் பத்து வருஷத்துக்குள் கடன் கழுத்துக்கு வந்துவிட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடன் குறைந்திருக்கலாம். 1944இல் லூயிவில் நகரத்தில் கறுப்பர்களைத் தனியாக உட்காரவைத்த அரங்கில் ஆடி முடித்துவிட்டு, இந்த நிலைமை மாறும்வரை இங்கே வரமாட்டேன் என்று மேடையிலிருந்தே சொல்லிவிட்டார். 1950இல் சாவோ பாவ்லோவில் ஒரு ஹோட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. அவர் விட்டுவிடவில்லை, பத்திரிகைகளில் பெரிய விஷயமாகியது. மறுவருஷமே பிரேசிலில் நிறப்பாகுபாட்டுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அதோடு நின்றாரா? சிலியில் சவுத்லேண்ட் என்று ஒரு படைப்பை மேடையேற்றினார். தன் நாட்டில் கறுப்பனை மரத்தில் தூக்கிலிடுவதை வெளிநாட்டு மேடையில் காட்டினார். அமெரிக்கத் தூதரகத்துக்கு எரிச்சல். பிற்பாடு வாஷிங்டன் வேறு நடனக் குழுக்களைத் தன் செலவில் உலகம் சுற்ற அனுப்பியது, டன்ஹாமை அனுப்பவில்லை. இதைத் தற்செயல் என்று நம்ப என்னால் முடியவில்லை.

1960களின் பிற்பகுதியில், பேர் புகழெல்லாம் பார்த்த பிறகு, ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற நொடிந்துபோன தொழில் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆலைகள் மூடி, இளைஞர்கள் கும்பல் கும்பலாகத் தெருவில் நின்ற ஊர். அவர்களைக் கூப்பிட்டு முரசு அடிக்கவும் ஆடவும் கற்றுக்கொடுத்தார், கராத்தேயும் உண்டு. அவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்தபோது ஏன் என்று கேட்கப்போய், இவரையும் சேர்த்துப் பிடித்தார்கள். 1992இல், எண்பத்திரண்டு வயதில், படகில் வந்த ஹைத்தி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புகிறதே என்று 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். தனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மக்கள் என்கிற கடன் அது.

இனி டிரினிடாட். பெரில் மெக்பர்னி நியூயார்க்கில் லா பெல் ரோசெட் என்ற மேடைப் பெயரில் ஆடி நன்றாகவே பேர் வாங்கிக்கொண்டிருந்தார். பிரைமஸுக்குக் கரீபிய ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1948இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் லிட்டில் கரீப் என்று ஒரு சின்ன அரங்கத்தைத் திறந்தார். அந்தத் திறப்பு விழாவுக்கு அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? எண்ணெய் டிரம்மைத் தட்டி இசைக்கும் ஸ்டீல்பேண்ட் பையன்களை. அந்தக் காலத்தில் ஸ்டீல்பேண்ட் என்றால் ரவுடிகள். மகன் அதைத் தொட்டான் என்று தெரிந்தால் வீட்டில் அடி விழும். இன்றைக்கு அந்த வாத்தியம் டிரினிடாடின் அடையாளம்.

லிம்போவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கழியை நீட்டிப் பிடிக்க, அதன் கீழே மல்லாந்து வளைந்து போகிறார்களே, அது டிரினிடாடில் சாவு வீட்டில் இரவு கண்விழிக்கும்போது ஆடியது. மேடைக்கு வந்தது, அங்கிருந்து ஹோட்டலுக்குப் போனது, கழியில் தீயும் வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் கைதட்டினார்கள். சாவு வீட்டு ஆட்டம் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் போனதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஆட்டக்காரர்கள் பல பேர் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தத் தீயால்தான். இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது.

லண்டனுக்குப் போன ஜமைக்காக்காரர் பெர்ட்டோ பாசுகா 1946இல் பாலே நேக்ர் என்ற கறுப்பினக் குழுவைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். கூட்டம் வந்தது, மானியம் வரவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது.

ஜமைக்காவிலேயே இருந்துவிட்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். 1962, நாடு விடுதலையான வருஷம். ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டும் எடி தாமஸும் தேசிய நடன நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அதில் ஆடியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒத்திவைக்கவில்லை, பாக்கியும் வைக்கவில்லை, விதியே அதுதான். பகலில் ஆசிரியர், வக்கீல், அலுவலக ஊழியர், மாலையில் ஒத்திகை. சம்பளமில்லாததால் யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. குமினா என்ற காங்கோ வழிச் சடங்கு ஆட்டத்தைக் கிராமத்துப் பெரியவர்களிடம் போய்ப் பார்த்துக் கற்று, 1971இல் மேடையேற்றினார்கள். நெட்டில்ஃபோர்டே ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பேராசிரியர், பின்னால் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போகும் துணைவேந்தரை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று, எல்லோராலும் அப்படி இருக்க முடியாது. வீட்டில் வேறு வருமானம் இல்லாதவன் சம்பளமில்லாத குழுவில் எத்தனை வருஷம் ஆடுவான்?

கடைசியாக ஒருவர். ஜெர்மேன் அகோனி. பெனினில் பிறந்து செனகலில் வளர்ந்தவர், பாரிஸில் உடற்பயிற்சிக் கல்வி படித்தவர். செனகல் தலைநகர் டக்காரில் பள்ளி ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே 1968இல் தன் வீட்டு முற்றத்தில் நடன வகுப்பு ஆரம்பித்தார். 1977இல் செனகல் அதிபர் செங்கோரும் பிரெஞ்சு நடன அமைப்பாளர் மொரீஸ் பேஜாரும் சேர்ந்து தொடங்கிய முத்ரா ஆஃப்ரிக் பள்ளிக்கு அவர்தான் தலைமை. முத்ரா, ஆமாம், நம்முடைய முத்திரைதான், பேஜார் இந்திய நடனத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். செங்கோர் பதவியை விட்டுப் போனார், பணம் நின்றது, 1982இல் பள்ளியை மூடினார்கள். ஐரோப்பாவுக்குப் போய் மறுபடியும் வகுப்பெடுத்தார். பிறகு கணவர் ஹெல்முட் ஃபோக்ட்டோடு திரும்பி வந்து, துபாப் தியாலாவ் என்ற கடலோர ஊரில் எக்கோல் தே சாப்ல், அதாவது மணல் பள்ளியைக் கட்டினார். அங்கே ஒரு பயிற்சிக்கூடத்துக்குத் தரையே மணல்தான். பாட்டியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்.

2020 மார்ச்சில் அங்கே 14 ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து 38 நடனக் கலைஞர்கள் ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாவ்ஷின் ஒரு படைப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கேற்றத்துக்குச் சில நாள் இருக்கும்போது கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஊருக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு முறை, பொழுது சாயும் நேரத்தில், கடற்கரை மணலில் முழுக்க ஆடிப் பார்த்தார்கள். யாரோ கேமராவைக் கையோடு வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். அதன் ஒரு பகுதியைத்தான் இப்போது திரையில் காட்டப் போகிறோம். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் தம்பி. சார், நீங்கள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், அங்கிருந்து தெரியாது. மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடுங்கள்.