கொல்லைப்புறத்தில் ஒரு தையல்காரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பணி நெருக்கடிக்கிடையிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பி உட்பட அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய புலவர் ஐயா தமது நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் மறுபாதியையும் எடுத்துக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் பறவை பார்ப்பது குறித்து மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: எப்படிப் பார்ப்பது, எதைக்கொண்டு பார்ப்பது, பார்ப்பதால் மனத்துக்கு என்ன கிடைக்கிறது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். முதல் செய்தி அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தால், நம்மைக் கண்டு விலகிய பறவைகள் தாமே திரும்பி வரும். 1998 முதல் பிப்ரவரி தோறும் நடந்துவரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் நம்மிடம் கேட்பது குறைந்தது 15 நிமிடந்தான்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஓய்வு என்றால் என்னவென்றே அறியாதவர். கைப்பேசி அடித்தால் குளியலறையிலிருந்தும் ஓடிவருவார். அவர் வீட்டுச் சன்னலோரச் செடியில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. பெருவிரல் அளவே இருக்கும் அந்தப் பெண்பறவை, அகன்ற இலையின் விளிம்பில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் அதில் நுழைத்து, இழையின் நுனி பிசிறி விரிந்து தானே பிடித்துக்கொள்ளும்படி இழுத்து, இரண்டு விளிம்புகளையும் ஒன்றுசேர்த்தது. மனிதர் மூச்சுவிடவும் மறந்தார். கைப்பேசி அடித்தது, எடுத்து, “தையல் வேலை நடக்கிறது, பிறகு பேசுகிறேன்” என்று கிசுகிசுத்து வைத்துவிட்டார். அது சமையலறையில் இருந்த அவர் துணைவியார் காதில் விழுந்தது. தையல்காரர் வந்திருக்கிறார் என்று எண்ணி, அந்த அம்மையார் கிழிந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து நின்றாராம்! பிறகு இருவருமாகச் சேர்ந்து பார்த்தார்கள். பதறாத காரியம் சிதறாது.

2017-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று, பிற்பகலில் பறவைகள் அதிகம் தென்படும் சுற்றுப்புறங்களில் வாழ்வோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைவாக இருந்ததைக் கண்டது. மருத்துவர் அம்மையார் தலையசைக்கிறார். எனவே இதை நான் விரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது செய்தியான இருநோக்கி, அதாவது பைனாகுலர், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஆனால் பார்க்கப் பறவை வேண்டுமே! முற்றம் முழுவதும் சிமெண்டு பூசி, ஓடு பதித்து, வேலிச்செடியையும் வெட்டி எறிந்துவிட்டுச் சிட்டுக்குருவியைக் காணோம் என்று புலம்புகிறோம். தானியம் தின்னும் குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. மண்ணும் செடியும் இல்லாத முற்றத்தில் அவற்றுக்கு எங்கே போகும்? தண்ணீர்க் கிண்ணம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அன்றாடம் கழுவி வையுங்கள். தண்ணீர் மட்டும் குஞ்சின் வயிற்றை நிரப்பாது.

ஆகவே, புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தில் கால்பங்கேனும் வெறும் மண்ணாக விடப்பட வேண்டும் என்ற கோரிக்கையை நகர்மன்ற உறுப்பினர் அவர்களிடம் இம்மேடையிலேயே வைக்கிறேன். அவர் புன்னகைக்கிறார், புன்னகையைத் தீர்மானமாக்க ஆதரவு வேண்டும். கோரிக்கைத் தாள் வாயிலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திடுவோர் தத்தம் வீட்டு முற்றத்தில் இப்போது மண்ணாக இருப்பது எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். சிமெண்டு போட்டவர்களும் தயங்காமல் எழுதலாம்.