பூட்டிய பணமும் திரும்பிய நம்பிக்கையும்: பிரேசில் வங்கிகளின் கதை

நேயர்களுக்கு வணக்கம். பணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வட்டி, கடன் என்று ஆரம்பித்துவிடுகிறோம். வங்கிக்கு முதல் மூலதனம் நம்பிக்கைதான். வங்கி வேலையிலேயே வயதைக் கழித்தவன் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதற்குப் பிரேசிலை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1808-ல் நெப்போலியனின் படை வருகிறது என்று போர்ச்சுகல் அரச குடும்பமே கப்பலேறி ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு இளவரசர் ஜோவாவ் ‘பாங்கோ டோ பிரேசில்’ என்ற வங்கியைத் தொடங்கினார். அரசாங்கச் செலவுக்கு வங்கி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1821-ல், அதற்குள் மன்னராகியிருந்த ஜோவாவ் ஊர் திரும்பினார். வங்கியிலிருந்த தங்கமும் வெள்ளியும் அவரோடு கப்பலேறிவிட்டன. மக்கள் கையில் மிஞ்சியது காகிதம். 1829-ல் அந்த வங்கியை மூடச் சட்டம் வந்தது. பிற்பாடு அதே பெயரில் மறுபடி எழுந்தது, அது வேறு கதை.

1861-ல் சாமானியர்களின் சிறுசேமிப்புக்காக ‘கைஷா’ என்ற சேமிப்பு வங்கி வந்தது. 1871-ம் ஆண்டுச் சட்டம், அடிமைகளும் சேமிக்கலாம், சேர்த்த பணத்தைக் கொடுத்து விடுதலை பெறலாம் என்றது. அப்படி அடிமைகள் பெயரில் திறந்த பாஸ்புத்தகங்கள் இன்றும் அந்த வங்கியிடம் இருக்கின்றன. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சின்னப் புத்தகத்தில் ஏறிய ஒவ்வொரு வரவும் ஒரு மனிதர் தன்னையே மீட்டுக்கொள்ளச் சேர்த்த காசு. வங்கி என்றால் இதுதான் என்பேன்.

சரி, இப்போது 1990-க்கு வருகிறேன். இதை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அப்போது பிரேசிலில் விலைவாசி ஒரே மாதத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கடையில் ஊழியர் கையில் விலைச்சீட்டு ஒட்டும் கருவியோடு அலமாரி அலமாரியாக வருவார். அவர் வந்து சேர்வதற்குள் பழைய விலையில் எடுத்துவிட வேண்டும் என்று ஜனங்கள் முந்துவார்கள். சம்பளம் வந்த அன்றைக்கே மாதச் சாமான் முழுவதும் வாங்கிவிடுவார்கள். மார்ச் 15-ம் தேதி ஃபெர்னாண்டோ கோலோர் அதிபராகப் பதவியேற்றார். வங்கிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மறுநாள் நிதியமைச்சர் ஸெலியா கார்டோசோ அறிவித்தார்: நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் அன்றைய நாணயத்தில் 50,000 க்ரூஸாடோ நோவோவுக்கு மேல் இருக்கும் பணத்தை எடுக்க முடியாது, 18 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் தவணையில்தான் கிடைக்கும்.

50,000 க்ரூஸாடோ நோவோ என்றால் அன்றைய அதிகாரபூர்வ மதிப்பில் சுமார் 1,200 டாலர். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தவர், வீட்டை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டவர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர், எல்லாருக்கும் ஒரே பூட்டு. பாஸ்புத்தகத்தில் எண் இருக்கிறது, கையில் காசு இல்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஊழியரை நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது. முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே. இவ்வளவு செய்தும் விலைவாசி அடங்கவில்லை, ஒரு சில மாதங்களில் மறுபடி ஏறியது. இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நடந்தன.

நம்பிக்கை எப்படித் திரும்பியது? 1986-லிருந்து எட்டு ஆண்டுகளில் ஐந்து முறை பணத்தின் பெயரை மாற்றிப் பார்த்தார்கள். கடைசி முறைதான் பலித்தது. பெர்சியோ அரிடா, ஆந்த்ரே லாரா ரெசென்டே, எட்மர் பாஷா போன்ற பொருளாதார அறிஞர்கள் வழிகாட்ட, 1994 மார்ச்சில் ‘யுஆர்வி’ என்றொரு கணக்கு அலகைக் கொண்டுவந்தார்கள். அதற்கு நோட்டும் கிடையாது, காசும் கிடையாது. சம்பளம், வாடகை, விலை எல்லாவற்றையும் அதில் எழுதச் சொன்னார்கள். பழைய பணத்தில் பாலின் விலை தினமும் ஏறும், யுஆர்வியில் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நாலு மாதம் இதைக் கண்ணால் பார்த்துப் பழகினார்கள் மக்கள். ஜூலை 1-ம் தேதி அந்த அலகையே ‘ரெயால்’ என்ற நிஜப் பணமாக வெளியிட்டார்கள். ஜூனில் 47 சதவீதமாக இருந்த மாதப் பணவீக்கம் ஜூலையில் 7-க்கும் கீழே வந்தது. யாருடைய கணக்கையும் பூட்டவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார்கள். வித்தியாசம் இதுதான், மறுபடியும் சொல்கிறேன், முன்கூட்டியே சொன்னார்கள்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம். பணவீக்கக் காலத்தில் வட்டி தராமல் வைத்திருந்த பணத்தை வைத்தே வங்கிகள் பெரும் லாபம் பார்த்தன. அந்த லாபம் நின்றதும் எகனாமிகோ, நாசியோனல், பாமெரிண்டஸ் எனப் பெரிய வங்கிகளே சாய்ந்தன. இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இன்னொன்று, ஒரு நாள் தாமதித்தாலும் பணம் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் காசோலைகளை வேகமாகத் தீர்க்க அந்த வங்கிகள் அன்றே கற்றுக்கொண்டன. 2020 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி ‘பிக்ஸ்’ என்ற முறையைத் தொடங்கியது. நம் யுபிஐ போலவே கைபேசியில் சில நொடியில் பணம் போய்ச் சேருகிறது, தனிநபர்களுக்குக் கட்டணமில்லை. இன்று அங்கே தெருவோர வியாபாரியும் பிக்ஸில்தான் காசு வாங்குகிறார். வணக்கம்.