மார்கழிக்கு ஒரு வாசல் வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி வந்தால் வாசலில் கோலம், கோலத்தின் நடுவே பூசணிப்பூ. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளில் நட்சத்திரம் தொங்கும். கொடியும் இலையும் காய்ந்த காயும் சேர்த்துக் கட்டிய வளையத்தையும் இப்போது கதவுகளில் பார்க்கிறோம். அதை பிளாஸ்டிக்கில் வாங்க வேண்டியதே இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிடைக்கிற பொருளை வைத்து வீட்டிலேயே கட்டும் முறையைச் சொல்கிறேன்.

'மலர்வளையம்' என்றாலே நம் ஜனங்களுக்குத் துக்க வீடுதான் நினைவுக்கு வரும். பெரியவர்கள் முகம் சுளித்தால் அதில் நியாயம் உண்டு. அதனால் ரோஜா, சம்பங்கி என்று புதுப்பூ எதையும் இதில் சேர்க்காதீர்கள். பெயரும் வாசல் வளையம் என்றே இருக்கட்டும்.

ஐரோப்பாவில் இதை ஊசியிலை மரக் கிளைகளால் பச்சையாகவே கட்டுவார்கள். அங்கே வெளியில் அடிக்கிற குளிரே குளிர்சாதனப் பெட்டி மாதிரி. வெட்டிய கிளை வாரக்கணக்கில் வாடாது. நம் ஊரில் மார்கழிப் பகலிலும் வெயில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பச்சை இலை நாலு நாளில் சுருங்கும். காம்பு மெலியும், கட்டு தளரும், வளையம் உதிரும். விடியற்காலைப் பனி வேறு அதை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். அதனால் எந்தப் பொருளையும் முழுக்கக் காயவைத்த பிறகே கட்டுங்கள். இந்த ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் வீண். மார்கழி முதல் நாள் கதவில் ஏற வேண்டுமானால் மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் கொடி. பந்தலில் முற்றிய முல்லைக்கொடியைக் கழிக்கும்போது பென்சில் பருமனுக்குள் இருப்பதாகப் பார்த்து, ஆறடி நீளத்தில் எட்டுக் கொடி எடுத்துக்கொள்ளுங்கள். சீந்தில் கொடி பார்க்க அழகாக முறுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அது லேசில் காயாது. கதவில் தொங்கும்போதே துளிர்விடும். பிரண்டையும் வேண்டாம், நீர் நிறைந்த தண்டு, அழுகிவிடும்.

இலையை உருவிவிட்டு, வாளியின் வாயைச் சுற்றி முதல் கொடியை வளையுங்கள். ஓரடி குறுக்களவு உள்ள வளையத்துக்கு ஒரு சுற்று ஏறக்குறைய மூன்றேகால் அடி கொள்ளும். அடுத்த கொடியை முதல் கொடியின்மேல் கயிறு திரிப்பதுபோல் சுற்றிக்கொண்டே போங்கள். நுனிகளை உள்ளே செருகுங்கள். எல்லாக் கொடியும் ஒரே இடத்தில் தொடங்கி முடிந்தால், அந்த இடத்தில் வளையம் கூனிவிடும். எட்டுக் கொடிக்கும் தொடக்கம் வேறு வேறு இடத்தில் இருக்கட்டும். பிறகு நான்கு இடத்தில் சணல் கயிற்றால் கட்டி, பத்து நாள் நிழலில் கிடத்துங்கள். கொடி சுருங்கியிருக்கும், அந்த நாலு கட்டையும் அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான்.

கொடி காயும் நாட்களிலேயே இலையைத் தயார் செய்யலாம். மேல்நாட்டுப் பூக்கடைகளில் விலை கொடுத்து வாங்குகிற யூகலிப்டஸ்தான் நம் தைலமரம். தோப்புக்காரரிடம் கேட்டு, ஒன்றரை அடிக் கொப்பு பத்து வாங்குங்கள். முற்றின இலையாக இருக்க வேண்டும், கொழுந்து தலைசாய்ந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் கிடைக்கும். அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, செம்பில் மூன்று அங்குல உயரத்துக்கு ஊற்றி, கொப்பின் அடியைச் சாய்வாக வெட்டி நிறுத்துங்கள். பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்தில் இலை நிறம் மாறி, தோல்போல் துவளும், ஒடியாது. இலை நுனியில் பிசுபிசுப்பு தட்டினால் உடனே எடுத்துவிடுங்கள், அதற்குமேல் குடித்தால் சொட்டும்.

வெள்ளைக்கு, மழை முடிந்ததும் தரிசில் பூத்திருக்கும் சிறுகண்பீளை. பொங்கலுக்கு வைக்கும் அதே பூதான். சிறு கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் காய்ந்து, பஞ்சு மாதிரி நிற்கும். கூடவே ஒரு கைப்பிடி சவுக்குக் காய். அதை இரண்டு நாள் வெயிலில் போட்டால் வாய் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் பூச்சியும் ஓடிவிடும்.

சிவப்புக்குக் குன்றிமணி கண்ணைப் பறிக்கும். வேண்டவே வேண்டாம். அந்த விதை கொடிய விஷம். துளைபோட்டால் உள்ளிருக்கும் நஞ்சு வெளிவர வழி திறக்கிறது, கீழே உதிர்ந்தால் குழந்தை வாயில் போகும். நமக்குத்தான் குண்டு மிளகாய் இருக்கிறதே. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. குலுக்கினால் விதை சலசலக்கிற, கருஞ்சிவப்பு மிளகாயாக முப்பது பொறுக்குங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சம் விழும் மெல்லிய செம்புக் கம்பி துருப்பிடிக்காது, அதுதான் இதற்கு ஏற்றது. கம்பியைக் காம்பில் சுற்றி, ஐந்தைந்தாகக் கொத்து கட்டுங்கள். மிளகாயின் உடம்பில் குத்தினால் அந்தத் துளை வழியே ஈரம் போய்க் கறுக்கும், சின்னப் பழுப்பு வண்டும் நுழையும்.

இனிக் கட்டும் வேலை. வளையம் முழுக்க நிரப்பாதீர்கள். கீழே இடப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு போதும், மீதியில் கொடி வெறுமையாகத் தெரிய வேண்டும். நாட்டுப்புற அழகே அந்த வெறுமைதான். தைலக் கொப்புகளைப் பாதியாக நறுக்கி, மூன்று துண்டு, ஒரு பிடி சிறுகண்பீளை சேர்த்துச் சாண் நீளக் கொத்தாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து கொத்து வேண்டும். முதல் கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தலை மறைக்க வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. எல்லாம் ஒரே திசை பார்த்திருக்கட்டும். கடைசிக் காம்பை மறைக்க, பழைய கண்டாங்கிச் சேலைக் கிழிசலில் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு முடிச்சு. அரக்கும் மஞ்சளும் கட்டமாக ஓடும் துணி கிடைத்தால் வேறு அலங்காரமே தேவையில்லை. கிளிசரின் ஈரத்தை இழுக்கும், அதனால் மிளகாயும் சவுக்குக் காயும் இலைமேல் படாமல் கொடிமேலேயே அமரட்டும். சுடுபசையை நம்ப வேண்டாம், வெயில் நேரே விழும் கதவில் இளகிவிடும்.

தொங்கவிடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டு நிலையும் கதவும் பர்மா தேக்கு. அந்தச் செதுக்கு வேலையில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. கதவு இரட்டைக் கதவு என்பதால் நடுவில் மாட்டவும் வழியில்லை. அதிகம் திறக்காத பக்கத்துக் கதவின் மேல்விளிம்பில் தூண்டில் நரம்பைப் போட்டு, உள்பக்கம் ஒரு கட்டையில் கட்டிவிடுங்கள். வளையத்தின் முதுகில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினால் தேக்கில் கீறல் விழாது. முன்கதவில் பனி நேராகப் படும் வீடானால், திண்ணைத் தூணுக்கு மாற்றிவிடுங்கள். அகல்விளக்கும் மெழுகுவத்தியும் மூன்றடிக்குள் வேண்டாம். காய்ந்த பொருள், போதாததற்குத் தைல இலை, ஒரு பொறி போதும்.

தை பிறந்ததும் இறக்கி, மிளகாயைக் கழற்றி எறிந்துவிடுங்கள். தூசி படிந்தது சமையலுக்கு ஆகாது. இலையையும் பூவையும் உருவிவிட்டுக் கொடி வளையத்தை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, நாலு வசம்புத் துண்டு போட்டுப் பரணில் வையுங்கள். அடுத்த மார்கழிக்கு இலையும் மிளகாயும் மட்டும் புதிதாகக் கட்டினால் போதும்.

நன்றி, வணக்கம்.