கட்டிக்காத்தது நினைவே!

நடுவர் அவர்களே, வணக்கம். "ஆதித் திருச்சபையைக் கட்டிக்காத்தது அமைப்பே" என்று முழங்கிய எதிரணித் தலைவர், ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தைச் சாட்சிக்கு அழைத்தார். அது கூடியது 325இல். வீட்டில் பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்து சேர்ந்த மேஸ்திரிக்கு மாலை போடுகிறார்!

கொரிந்து சபைக்குப் போவோம், ஏறக்குறைய கி.பி. 54. ஆண்டவரின் விருந்தில் வசதி படைத்தவர் முந்திக்கொண்டு உண்டு வெறிக்கிறார், இல்லாதவர் பசியோடு நிற்கிறார். அந்தச் சபையை நிறுவிய திருத்தூதர் பவுல் என்ன செய்தார்? அதிகாரியை அனுப்பினாரா? இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைச் சொன்னார். அப்பத்தைப் பிட்டு, "என் நினைவாக இதைச் செய்யுங்கள்" என்றதைச் சொன்னார். கலைந்துகொண்டிருந்த பந்தியை அந்த ஓர் இரவின் நினைவைக் கொண்டே சேர்க்கப் பார்த்தார்.

நினைவுதானே சண்டையும் மூட்டியது என்று கேட்டார் எதிரணித் தோழி. நல்ல கேள்வி. சின்ன ஆசியாவினர் இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைக்கும் பாஸ்கா விழாவை யூதரின் நிசான் மாதம் பதினான்காம் நாளில் கொண்டாடினர், ரோமாபுரி ஞாயிறன்று. 190 வாக்கில் ரோமாபுரி ஆயர் விக்டர், ஆசியச் சபைகளையே விலக்கிவைக்கத் துணிந்தார். வெட்டப் புறப்பட்டது எது அம்மா? நீங்கள் போற்றும் அமைப்பு!

ஆசியச் சபைகள் சார்பில் எபேசு ஆயர் போலிகிராத்தஸ் விக்டருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். கல்லறை கல்லறையாக அழைத்துப் போகிறார்: எராப்போலியில் பிலிப்பு, எபேசுவில் யோவான், சிமிர்னாவில் அந்நகர ஆயராயிருந்த போலிகார்ப். தம் உறவினரில் ஏழு பேர் ஆயர்கள், தாம் எட்டாமவர் என்கிறார். பார்த்தீர்களா, பதவி என்று எதிரணி துள்ள வேண்டாம். அந்த ஏழு பேரும் அந்தப் பதினான்காம் நாளையே கடைப்பிடித்தார்கள் என்று சாட்சி சொல்லத்தான் அவர்களை அழைக்கிறார்.

விக்டரைக் கடிந்துகொண்டவர் லியோன் நகர ஆயர் இரேனியுஸ். அவர் எந்தச் சட்டத்தையும் காட்டவில்லை. பழைய சந்திப்பு ஒன்றை நினைவூட்டினார்: இதே வேறுபாட்டோடு போலிகார்ப் ரோமாபுரிக்கு வந்தார், ஆயர் அனிசேத்துஸ் வளைந்து கொடுக்கவில்லை, இவரும் வளையவில்லை. ஆனாலும் தம் சபையில் திருவிருந்தை நடத்தும் மரியாதையை அவருக்கே கொடுத்தார் அனிசேத்துஸ். சமாதானமாகப் பிரிந்தார்கள்.

விக்டரின் ஆணை மற்ற ஆயர்களுக்கே ஏன் கசந்தது என்று எதிரணியினர் விளக்கட்டும், நடுவர் அவர்களே. காத்திருக்கிறேன்.