ஓட்டின் அளவும் கடலின் நிலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலோரக் கற்களிலும் துறைமுகத் தூண்களிலும் கொத்தாக ஒட்டி வாழும் மட்டியை நம்மில் பலர் கறிச்சட்டியில்தான் கண்டிருப்போம். நீர் கெட்டால் மீன் விலகிப் போய்விடும். மட்டியோ தன் நூலிழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, அங்கு வரும் நீரையே வடித்து உண்டு வாழ்கிறது. 1975இல் எட்வர்ட் கோல்ட்பேர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இப்பழக்கத்தையே பயன்படுத்தி உலகக் கடலோரங்களின் மாசைக் கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். 1986இல் அமெரிக்கா தன் கரையோரங்களில் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. தசையில் சேர்ந்த நச்சைக் கண்டறிய விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் மட்டியின் ஓடு வளரும் விதத்திலும் கடலின் நிலை தெரியும். அந்த ஓட்டை அளப்பதற்கு, சிறு நீளங்களை நுட்பமாக அளக்கும் ஒரு வேணியர் இடுக்கிமானியும் நுண்தராசும் போதும்.

ஆனால் நீளத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். உருவம் மாறாமல் நீளம் இரு மடங்கானால் கனவளவு எட்டு மடங்காகும். அத்துடன் 40 மில்லிமீற்றர் மட்டி ஒன்று வளமான நீரில் விரைந்து வளர்ந்த இளசாகவும் இருக்கலாம், உணவின்றி வளர்ச்சி குன்றிய முதியதாகவும் இருக்கலாம். ஆகவே நீளம், உயரம், அகலம், ஓட்டின் எடை ஆகியவற்றோடு உலர்த்திய தசையின் எடையையும் எடுத்து, தசை ஓட்டுக்கு எத்தனை பங்கு என்று கணிக்கிறார்கள். பட்டினியில் தசை வற்றும். ஓடு அதற்கேற்பச் சுருங்காது. முட்டையிட்ட பின்னரும் தசை குறையும் என்பதால், ஒரே மாதத்து அளவுகளையே ஒப்பிட வேண்டும்.

ஓட்டின் வடிவம் மாறினால் உடனே மாசைக் குற்றஞ்சாட்டவும் கூடாது. தென்மேல் பருவக்காற்றுக் கால அலை நேராக மோதும் கரையில் ஓடு தடிப்பது இயல்பு. நெருக்கமாக வாழ்ந்தால் ஒடுங்கி நீளும். களனி கங்கை பெருகி நன்னீர் கடலில் பரவும் நாட்களில் மட்டி ஓட்டை மூடிக்கொண்டு உண்ணாதிருக்கும், வளர்ச்சியும் தடைப்படும்.

மாசு தெளிவாகவே வெளிப்பட்ட இடமும் உண்டு. பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவில் மட்டியின் உறவான சிப்பிகளின் ஓடுகள் 1970களின் பிற்பகுதியில் அசாதாரணமாகத் தடித்து உருக்குலைந்தன. படகுகளின் அடியில் பூசிய, தகரச் சேர்மம் கலந்த வண்ணப்பூச்சே காரணம் என்று தெரிந்தது. 1982இல் சிறு படகுகளுக்கு அப்பூச்சைப் பிரான்ஸ் தடைசெய்ததும் ஓடுகள் தேறத் தொடங்கின.

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியபோது, முன்பு கடல் எப்படி இருந்தது என்ற கேள்வி எழுந்தது. அமைதியான ஆண்டுகளில் எடுத்துவைத்த அளவுகளே அதற்கு விடை தரும். வெள்ளவத்தைப் பாடசாலை மாணவர்களுங்கூட இதனைச் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: பெரிய மட்டிகளை மட்டும் பொறுக்குவது கை தானாகவே செய்யும் பிழை, ஆதலால் கல்லின்மேல் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் அகப்படும் சிறியது பெரியது எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.