கூண்டு ஏற்றினால் பள்ளிக்கூடம் லீவா?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தொண்டியில் தொடங்கி மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி கிளம்பும். "நாளைக்கு லீவாமே?" யார் சொன்னது என்றால் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னது? வாட்ஸப்பில் வந்தது. அதைத் திறந்து பார்த்தால் ஒரு டிவி செய்தியின் படம். ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை, கலெக்டர் உத்தரவு. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. அது போன வருஷத்து 'நாளை'.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் பள்ளிக்கூடமும் கல்வி அலுவலகமும் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பேசத்தான் இந்த வானொலியில் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அதையே நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'வதந்தியை நம்பாதீர்கள்' என்பது பதில் ஆகாது. என்ன நடந்தது, முடிவு யார் கையில் இருக்கிறது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, இந்த மூன்றும் இருந்தால்தான் பதில்.

மழை லீவையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் ஜனங்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். மீன்துறையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, விசைப்படகு போகவில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அப்படியென்றால் நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றும் மூன்று இடத்து முடிவு. டோக்கன் மீன்வளத்துறை கையில், கடலில் வீசும் காற்றைப் பார்த்து நிறுத்துவது. கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் ஆனது. ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றுதான் அர்த்தம், கரையில் வெயில் காய்கிற நாளிலும் அது தொங்கும். பள்ளி விடுமுறை கலெக்டர் முடிவு, கரையில் மழை எப்படி, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. கூண்டு இல்லாமலும் பேய்மழை வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்குப் புயல் எதுவும் கிடையாது.

இதைத் தலைமை ஆசிரியர் ஜூன் மாதமே ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் நவம்பரில் பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதிக்கு ஒரு செய்தி போதும். மேலே தேதி, கிழமை, வருஷம், மணி. அதற்குக் கீழே: "நாளை பள்ளி உண்டா இல்லையா என்று மாவட்ட நிர்வாகம் இன்னும் அறிவிக்கவில்லை. அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும் காலை ஆறு மணிக்கு இதே குழுவில் சொல்கிறோம்." அவ்வளவுதான். 'வந்தாலும் வராவிட்டாலும்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் ராத்திரி முழுக்க ஆசிரியர்களின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சொன்னபடி காலை ஆறு மணிக்குச் செய்தி போட வேண்டும். ஆறு ஐந்து ஆனால் பழைய படம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும்.

கூண்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பாம்பன் கூண்டைப் பற்றி நம் கடற்கரையில் யாரும் வதந்தி கிளப்புவதில்லை. மூன்று ஏற்றியிருக்கும்போது ஏழு என்று ஒருவர் சொன்னால், ஜெட்டியில் நிற்கிற பையன்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டு 'இல்லண்ணே, மூணுதான்' என்பான். காரணம், அது ஒரே இடத்தில் இருக்கிறது. ஒன்று முதல் பதினொன்று வரை ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் எப்போதும் அதேதான். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. காற்று ஓய்ந்ததும் கூண்டை இறக்கிவிடுகிறார்கள். நம் பள்ளிகளும் அலுவலகங்களும் ஏற்றுவதோடு சரி. 'விசாரிக்கிறோம்' என்பார்கள். விசாரித்தது முடிந்ததா, என்ன தெரிந்தது, யாரும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து அதே பேச்சு, கூடவே கொஞ்சம் ஒட்டும் சேர்ந்து, திரும்பி வரும். முடிந்ததை முடிந்தது என்று சொல்லுங்கள்.

இப்போது ஊசி, மாத்திரை விஷயம். இதில் ஆரம்பித்தால் நான் சீக்கிரம் நிறுத்தமாட்டேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

2017 பிப்ரவரி 6-ம் தேதி தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை. உடனே வாட்ஸப்பில் குரல் பதிவுகள் சுற்றின. பயந்துபோன பெற்றோர் பலர் ஊசி நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. மருந்தில் குறை இல்லை. குரல் பதிவு வீட்டுக்கு வந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக் கடிதம் வரவில்லை, குறை அங்கேதான் என்பது என் கணிப்பு.

வியாழக்கிழமை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் நீல நிறம், சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது ஒன்றும் நோய் இல்லை, இரும்பு வெளியேறுவது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒரு தாய் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? வயிற்றில் ரத்தம் என்றுதான் நினைப்பார். அடுத்த வியாழன் பாதி வகுப்பு மாத்திரையை ஜன்னல் வழியே போட்டுவிடும். "கறுப்பாகப் போகும், பயமில்லை, சத்துணவு சாப்பிட்ட பிறகுதான் கொடுப்போம், அதோடு டீ குடிக்க வேண்டாம்" என்று மூன்று வரி முந்தின நாளே போயிருந்தால் முடிந்தது.

குடற்புழு மாத்திரை இன்னும் கொஞ்சம் சிக்கல். வருஷத்துக்கு இரண்டு தடவை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று சாப்பிட வேண்டியது. வயிற்றில் புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வரலாம், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, ஒரு பிள்ளை வாந்தி எடுப்பதைப் பார்த்தே பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் குமட்டும். அதனால் எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் மைதானத்தில் வரிசை கட்டிக் கொடுக்காமல், வகுப்பு வகுப்பாக, நிழலில் உட்கார வைத்துக் கொடுப்பது நல்லது.

ஒரு பள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 212 பேர் மாத்திரை சாப்பிட்டார்கள், ஏழு பேருக்கு வாந்தி. பதினொன்றரைக்கு 108 வண்டி உள்ளே போகிறது. ஆட்டோ ஸ்டாண்டில் பார்க்கிறார்கள். பன்னிரண்டுக்குள் மீன் மார்க்கெட்டில் 'இருபது பிள்ளை சீரியஸ், மாத்திரை காலாவதி' என்று ஆகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? முதலில் அந்த ஏழு வீட்டுக்கும் போன். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், பெற்ற தாய் மார்க்கெட்டில் கேள்விப்படக் கூடாது. இரண்டாவது, கேட்டில் ஓர் ஆசிரியர் கையில் தாளோடு நிற்க வேண்டும். கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் வெளியே நிற்கிற கூட்டம் தானாகக் கதை எழுதிக்கொள்ளும். தாளில் இருக்க வேண்டியது: எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேருக்கு வாந்தி, எந்த ஆஸ்பத்திரி, மாத்திரை அட்டையில் உள்ள பேட்ச் எண், காலாவதித் தேதி, அடுத்த தகவல் இரண்டு மணிக்கு. பிள்ளைகளின் பெயர் கூடாது. 'யாரும் பதற்றப்பட வேண்டாம்' என்று முதல் வரியில் எழுதாதீர்கள். அதைப் படித்தவுடன்தான் பதற்றமே வரும். ஏன் வாந்தி வந்தது என்று தலைமை ஆசிரியர் சொல்லக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. சாயங்காலம் 'ஏழு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்' என்று இன்னொரு வரி. அதுதான் கூண்டை இறக்குவது.

கேட்டுக்கொண்டிருக்கிற தலைமை ஆசிரியர்கள் உடனே கேட்பார்கள்: மேலிடத்து அனுமதி இல்லாமல் எப்படிச் சொல்வது? நியாயமான பயம். இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது முதன்மைக் கல்வி அலுவலகம். நேரம், எண்ணிக்கை, இடம், அடுத்த தகவல் எப்போது, இந்த நான்கையும் பெற்றோருக்கு யாரையும் கேட்காமல் சொல்லலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது வேறு, பெற்ற தாய்க்குத் தகவல் சொல்வது வேறு.

சரி, அவசரம் இல்லாத நாளில்? கேள்விப் பெட்டி வைத்திருக்கிறோம் என்பார்கள். பெட்டி எங்கே இருக்கும்? தலைமை ஆசிரியர் அறை வாசலில். அவர் பார்த்துக்கொண்டிருக்க யார் சீட்டுப் போடுவார்கள்? விடியுமுன்னே கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற தாய்மார் எப்போது வந்து போடுவார்கள்? பெட்டியை விட ஒரு நோட்டு நல்லது. ஐந்து கட்டம். தேதி, கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்வி, பதில் யார் சொல்ல வேண்டும், எந்த நாளுக்குள், சொன்ன பதில். கேட்டவர் பெயர் வேண்டாம். நோட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் வைத்துக்கொள்ளட்டும். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் அவர்கள் காதில் விழுகிற கேள்விதான் உண்மையான கேள்வி.

மூன்றாவது கட்டம் முக்கியம். காலை உணவு ஏன் தாமதம், கழிவறைக்குத் தண்ணீர் ஏன் இல்லை என்பதை இரண்டு நாளில் பள்ளியே சொல்லிவிடலாம். கணக்கு வாத்தியார் எப்போது வருவார் என்பது கல்வி அலுவலகம். பஸ் ஏன் நிற்பதில்லை என்பது போக்குவரத்துக் கழகம். 'இது எங்கள் வேலை இல்லை' என்று திருப்பி அனுப்பாமல், இன்ன அலுவலகத்துக்கு இன்ன தேதியில் எழுதினோம் என்று நோட்டில் இருக்கட்டும். பதிலை வெள்ளிக்கிழமை பலகையில் எழுதுங்கள், ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் போடுங்கள். வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் கேட்டுக்கொண்டால் அறிவித்துவிடுவார்கள், காசா பணமா?

தகப்பன்மார் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்கிறோம். விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வெயிலால் தள்ளிப்போடாவிட்டால் பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுகிறது. ஆக, பள்ளியும் திறந்து, விசைப்படகுக்காரர்களும் கரையில் இருக்கிற நாள்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடைக்கிறது. வருஷத்தின் பெரிய கூட்டத்தை அப்போது வைக்காமல் ஆகஸ்டில் வைத்தால் தாய்மார் மட்டும்தான் வருவார்கள். நாட்டுப்படகுக்காரருக்குத் தடை கிடையாது, அவர்களுக்குச் சாயங்காலம் தோதுப்படும்.

வெளிப்படை என்றால் எல்லாவற்றையும் சொல்வது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்ற பேச்சு என்றால், அந்தக் குழந்தையின் பெயர், வகுப்பு, தெரு எதுவும் வெளியே போகக் கூடாது. போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. விஷயம் தெரிந்தும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லாமல் இருப்பது குற்றம், நிறுவனத் தலைவர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடுதல். அப்போதும் மூன்று விஷயம் சொல்லலாம்: புகார் இன்ன தேதியில் போய்விட்டது, புகாருக்கு ஆளானவர் பள்ளிக்கு வருவதில்லை, சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ கல்வித்துறை உதவி எண் 14417-க்கோ பேசலாம். இதைக்கூடச் சொல்லாமல் வாய் மூடியிருக்கும்போதுதான் ஊர் தானாக ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வதந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்தேன். 2018-ல் அந்தப் பேச்சால் தமிழ்நாட்டில் ஒன்றும் அறியாத மனிதர்களை அடித்தே கொன்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் இருக்கிறதாம். ஒன்று மட்டும்: அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே காவல் நிலையத்தில் கேட்டு, 'இன்ன நிலையத்தில் விசாரித்தோம், இந்தப் பகுதியில் அப்படிப் புகார் எதுவும் பதிவாகவில்லை' என்று நிலையத்தின் பெயரோடு எழுதுங்கள். வந்த வீடியோவைச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் திரும்பப் பகிராதீர்கள். குறியை யாரும் பார்ப்பதில்லை, வீடியோவைத்தான் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கு வந்த பணம், பள்ளியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு, இரண்டுக்கும் நேரம் போதவில்லை. கேட்டும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரி எழுதி, பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் நகல் கேளுங்கள்: இன்ன வருஷத்தில் பள்ளிக்கு வந்த மானியம், செலவுச் சீட்டு, குழுத் தீர்மானம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வணக்கம்.