மேடிசன் பெண்களும் கொலம்பஸ் பெண்களும்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு கல்லூரிப் பெண்கள் அணியைப் பற்றி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம் மேடிசன். அங்கே இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2024-25 பருவத்தில் 41 ஆட்டங்கள் ஆடியது. 38 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. இந்தக் கணக்கைக் கேட்டதும், எதிரே வந்தவர்களை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இறுதி ஆட்டம் முடிய இருபது நொடிகூட இல்லாத நேரத்தில் அவர்கள் ஒரு கோல் பின்தங்கி நின்றார்கள்.

எதிரே நின்றது ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, கொலம்பஸ் நகரத்துப் பெண்கள். விஸ்கான்சினின் அந்தப் பருவத்தை இந்த அணியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பலருக்கு ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கிதான். இது 200 அடி நீளம், 85 அடி அகலமுள்ள பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. பந்து கிடையாது. கெட்டியான ரப்பரில் செய்த ‘பக்’ இருக்கிறது. கருப்பட்டி வில்லை போலக் கறுப்பாக, வட்டமாக, மூன்று அங்குல அகலத்தில் இருக்கும். பனியில் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைத்து எடுத்து வருவார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். இருபது நிமிட பீரியட்கள் மூன்று. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொள்வார்கள். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, தடுப்பைத் தாண்டி உள்ளே போய் உட்கார, அடுத்தவர் குதித்து வருவார்.

ஆண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதி ஆளைச் சாய்ப்பது ஒரு கலை. பெண்கள் ஆட்டத்தில் அதற்கு அனுமதி இல்லை. உரசல் உண்டு, இடத்துக்குப் போராட்டம் உண்டு, ஆனால் ஆளைத் தூக்கி எறிய முடியாது. அதனால் பாஸ், வேகம், கண் பார்வை, கைநுட்பம் எல்லாம் பளிச்சென்று தெரியும். எனக்குப் பெண்கள் ஆட்டம் கூடுதலாகப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான்.

மேடிசனில் இவர்கள் ஆடும் லபான் அரங்கம் 2012-ல் திறக்கப்பட்டது. 2,273 பேர்தான் உட்காரலாம். நான் போனபோதெல்லாம் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை காதுக்குத்தான். ஸ்கேட்டின் விளிம்பு பனியைச் சீவும் சத்தம், பக் பலகைச் சுவரில் அறையும் சத்தம், ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல், எல்லாம் பக்கத்திலேயே கேட்கும். பெரிய அரங்கில் இந்தச் சுகம் கிடைக்காது. கூட்டம் வராததால் சின்னதாகக் கட்டிவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் ‘கோல் சென்டர்’ (Kohl Center) என்ற பெரிய அரங்கில் 2017 ஜனவரியில் இதே பெண்கள் ஆடியபோது வந்தவர்கள் 15,359 பேர்.

சரி, ஓஹையோ ஸ்டேட்டுக்கு வருவோம். இரண்டு அணிகளும் ஒரே லீகில் இருப்பதால் வருடா வருடம் பல தடவை மோதிக்கொள்வார்கள். 2023-ல் டுலூத் நகரில் தேசிய இறுதி ஆட்டம். விஸ்கான்சின் 1-0 என்று வென்றது. அந்த ஒற்றை கோலை அடித்தவர் கிர்ஸ்டன் சிம்ஸ், அப்போது முதலாமாண்டு மாணவி. அடுத்த வருடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டர்ஹமில் இறுதி ஆட்டம். மறுபடி அதே இரண்டு அணிகள், மறுபடி 1-0. இந்தத் தடவை வென்றது ஓஹையோ ஸ்டேட். கோல் அடித்தவர் ஜாய் டன், அவரும் முதலாமாண்டு மாணவி. இரண்டு வருடம், இரண்டு இறுதி ஆட்டம், ஆளுக்கு ஒரு கோல்.

ஓஹையோ ஸ்டேட் ஒன்றும் பழம்பெருமை உள்ள அணி இல்லை. பெண்களுக்கான தேசியப் போட்டி 2001-ல் தொடங்கியது. இவர்கள் முதல் கோப்பையை வாங்கியது 2022-ல்தான். 2016-ல் பயிற்சியாளராக வந்த நடீன் மசரால்தான் அந்த அணியை அடியோடு மாற்றியவர். விஸ்கான்சினிடம் அதற்கு முன்பே ஆறு கோப்பைகள் இருந்தன. அந்தப் பெயரைக் கண்டு மிரளாத ஓர் அணியை ஆறே வருடத்தில் அவர் உருவாக்கிவிட்டார். இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று விளையாட்டு உலகத்தை ஓரளவு கவனிப்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, 2024 செப்டம்பரில் பருவம் தொடங்கியபோது மேடிசன் பெண்களின் மனதில் இருந்தது முந்தின மார்ச்சில் தோற்ற அந்த ஒரு கோல். அணியும் அசாத்தியமான அணி. லைலா எட்வர்ட்ஸ் அந்தப் பருவத்தில் மட்டும் 35 கோல் அடித்தார். அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அணியில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர். தடுப்பாட்டத்தில் கேரலைன் ஹார்வி. கோலில் ஏவா மெக்நாட்டன். நடுவில் நின்று அத்தனை பேரையும் ஆட வைத்தவர் கேஸி ஓ'பிரையன்.

ஓ'பிரையனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் அவருக்கு முழங்காலில் எலும்புப் புற்றுநோய். கீமோதெரபி, அறுவை சிகிச்சை, காலுக்குள் உலோகம். மறுபடி ஆடுவது இருக்கட்டும், சரியாக நடக்க முடிந்தாலே போதும் என்ற நிலைமை. அப்புறம் நோய் நுரையீரலில் தலைகாட்டியது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் சிகிச்சை முடித்துவிட்டு ஸ்கேட் கட்டித் திரும்பி வந்தார். மேடிசனில் ஐந்து பருவங்கள் ஆடினார். கடைசிப் பருவமான 2024-25-ல் கோலும் அசிஸ்டும் சேர்த்து 88 புள்ளிகள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவத்தில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அதில் பெரும்பங்கு அசிஸ்ட், அதாவது அடுத்தவர் அடிப்பதற்காகத் தள்ளிக் கொடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோல் அடித்தவர் பெயர் தலைப்புச் செய்தியில் வரும். கொடுத்தவர் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்குத் தரும் விருதின் பெயர் பேட்டி காஸ்மேயர் விருது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய காஸ்மேயர், அரிய ரத்த நோய் ஒன்றால் 1990-ல், 28 வயதில் இறந்துபோனவர். 2025-ல் இந்த விருதின் கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரும் விஸ்கான்சின்காரர்கள்: எட்வர்ட்ஸ், ஹார்வி, ஓ'பிரையன். விருது ஓ'பிரையனுக்குப் போனது, இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்.

2025 மார்ச் 23, மினியாபொலிஸ் நகரம், ரிடர் அரங்கம். பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே கட்டிய அரங்கம் அது. அரையிறுதியில் அந்த ஊர் அணியான மினசோட்டாவை அதன் சொந்தத் தளத்திலேயே 6-2 என்று வென்றுவிட்டு வந்திருந்தது விஸ்கான்சின். எதிரே மூன்றாவது வருடமாக அதே ஓஹையோ ஸ்டேட். 3-2 என்று ஓஹையோ முன்னிலை. கடிகாரம் ஓடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். விஸ்கான்சினும் அதைத்தான் செய்தது. ஓஹையோவின் கோல் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. பக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விசில் ஊதியது.

கோல் வாயிலுக்குள் பக் கிடக்கும்போது கோல்கீப்பரைத் தவிர வேறு யாரும் அதைக் கையால் மூடக்கூடாது. மூடினால் பெனால்டி ஷாட். அப்படி ஒரு கை மூடியது என்று சொல்லி, வீடியோவைப் பார்க்கக் கேட்டார் விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன். நடுவர்கள் பார்த்தார்கள், கொடுத்தார்கள். கடிகாரத்தில் மீதம் 18.9 நொடிகள்.

ஜான்சன் யார் என்றால், 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தோற்கடித்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர். அதில் ஒன்று, முதல் பீரியட் முடிய ஒரே ஒரு நொடி இருக்கும்போது அடித்தது. 2002-லிருந்து மேடிசன் பெண்களுக்குப் பயிற்சியாளர். அவர் அன்றைக்குப் பெனால்டி ஷாட் அடிக்க அனுப்பிய ஆள் கிர்ஸ்டன் சிம்ஸ். ஆமாம், 2023-ல் அந்த ஒற்றை கோலை அடித்த அதே சிம்ஸ்.

பெனால்டி ஷாட் எப்படி என்றால், பக்கைத் தளத்தின் நடுவில் வைத்துவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டும். பக் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்திவிட்டு யோசிக்க முடியாது. கோல்கீப்பர் தடுத்துவிட்டால் திரும்பி வரும் பக்கை மறுபடி அடிக்கவும் முடியாது. ஒரே வாய்ப்பு. எதிரே ஓஹையோ கோல்கீப்பர் அமாண்டா தீல். மற்ற எல்லோரும் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். சிம்ஸ் போனார், அடித்தார், 3-3.

ஓவர்டைமில் முதல் கோல் யாருடையதோ அவர்களுக்கே கோப்பை. 2 நிமிடம் 49 நொடியில் மறுபடி சிம்ஸ். 4-3. விஸ்கான்சினுக்கு எட்டாவது தேசியக் கோப்பை, எட்டும் ஜான்சன் காலத்தில் வந்தவை.

இந்தப் பருவத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் 38-1-2 என்ற கணக்கைத்தான் முன்னால் வைத்தார்கள். எனக்கு அந்த இருபது நிமிட மூன்றாவது பீரியட்தான் பெரிதாகப் படுகிறது. வருடம் முழுக்கப் பின்தங்கியே பழகாத ஓர் அணி, கடைசி நிமிடத்தில் பதறாமல் கோல் வாயிலிலேயே பக்கை அழுத்திக்கொண்டு இருந்தது. அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது பலவீனமான அணிகளோடு கிடைத்த வெற்றிகள் இல்லை. ஓஹையோ ஸ்டேட் கொடுத்தது. 2024-ல் அந்த ஒரு கோலில் தோற்காமல் இருந்திருந்தால், 2025-ல் அந்த நிதானம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தோற்ற கொலம்பஸ் பெண்களுக்கும் அந்தக் கோப்பையில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஓ'பிரையன் அதன்பிறகு தொழில்முறை லீகில் நியூயார்க் அணிக்குப் போனார். அந்த லீக் தொடங்கியதே 2024 ஜனவரியில்தான். அதற்கு முந்தின தலைமுறைப் பெண்களில் பெரும்பாலோர் கல்லூரி முடிந்ததும் ஸ்டிக்கை மூலையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சிம்ஸ், எட்வர்ட்ஸ், ஹார்வி மூவரும் 2026 மிலான் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் தேர்வானார்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்கள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், நான் சொல்வது இதுதான். பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். வார இறுதியில் இரண்டு நாள் அடுத்தடுத்து ஆடுவார்கள். விஸ்கான்சினும் ஓஹையோ ஸ்டேட்டும் மோதும் வாரம் எது என்று பார்த்து வையுங்கள். இரண்டு ஆட்டத்தையும் பாருங்கள். முதல் ஆட்டத்தில் பக் எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே நேரம் எடுக்கும். இரண்டாவது ஆட்டத்தில் பக்கை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். நன்றி, வணக்கம்.